டொம்மர் காட்டிய சிவப்புக் கார்ட்

எனக்கு எழுபத்தொன்பது வயது. நான் வளர்த்த பிள்ளைகள் நான்கு பேர். இந்த நாட்டு அலுவலகங்களில் என் பெயருக்குக் கீழே மூன்று என்று இருக்கிறது. அப்படி எழுதினவர்களுக்கு எண்ணத் தெரியாமல் இல்லை, மனம்தான் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் எழுத்துக் கூட்டி இதை எழுதுவது ஒரு கார்டைப் பற்றிச் சொல்வதற்காக. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. நல்ல சிவப்பு. கறுப்புச் சட்டை போட்ட ஒருவன் அதைத் தன் நெஞ்சுப் பையிலிருந்து எடுத்து எங்கள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். நான் அதை வாங்கக் கையை நீட்டினேன்.

இந்த நாட்டுக்கு என் கணவர்தான் முதலில் வந்தார். இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு துணி ஆலையில் வேலை கிடைத்ததும் எங்களைக் கூப்பிட்டார். மகளையும் சின்னவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நான் வந்தேன். மூத்தவனுக்குச் சோதனை கிட்டியிருந்தது. எழுதி முடித்துவிட்டு வரட்டும் என்று யாழ்ப்பாணத்தில் என் தம்பி வீட்டில் விட்டோம். பெற்றவர்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவன் சோதனை எழுதி முடிப்பதற்குள் கோபன்ஹேகனில் மந்திரியாக இருந்த ஒரு பெரிய மனிதன் எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை எடுக்க வேண்டாம், அடியில் போட்டு வையுங்கள் என்று சொல்லிவிட்டான். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை தாய் தகப்பனிடம் வரலாம் என்று சட்டத்தில் இருந்தது. விண்ணப்பம் அடியில் கிடந்த கிடையிலேயே என் பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்தது. பிறகு பேப்பர்க் கட்டை அவிழ்த்துப் பார்த்தவர்கள், இவர் இப்போது வளர்ந்த ஆள், தாயோடு இருக்கத் தேவையில்லை என்று மறுத்துவிட்டார்கள். பிள்ளையை வளர விட்டதும் அவர்கள், வளர்ந்துவிட்டான் என்று சொன்னதும் அவர்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த மந்திரி மேல் விசாரணை வந்தது. பின்னேரங்களில் தொலைக்காட்சியில் அதைக் காட்டுவார்கள். கணவர் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குத் தமிழில் சொல்லுவார். “டொம்மர் கேக்கிறார், அவன் மழுப்பிறான். பாரன் முழியை.” டொம்மர் என்றால் இவர்கள் பாஷையில் நீதிபதி. எனக்கு அப்போது தெரிந்த டேனிஷ் எல்லாம் ஆலைச் சொற்கள்தான். நூல், ஊசி, இடைவேளை, கெதியாய். அதோடு இந்த ஒரு சொல்லையும் சேர்த்து வைத்துக்கொண்டேன். எந்த நாளாவது அந்த டொம்மரை நேரில் கண்டால் என் பிள்ளையின் கதையை வாயாலேயே சொல்லிவிடுவேன் என்று எனக்குள் ஒரு வீம்பு இருந்தது. பேப்பர்களை அடியில் போடலாம். என் வாயை எங்கே போடுவார்கள்?

மகள் அப்போது கிம்னாசியத்தில், பெரிய வகுப்பில், படித்துக்கொண்டிருந்தாள். பெண்களின் கால்பந்து அணியில் அவள்தான் கோல் காப்பவள். எங்கள் சனத்துக்கு அது பிடிக்கவில்லை. குமர்ப்பிள்ளை காற்சட்டையோடு சேற்றில் விழுந்து புரளுகிறாள் என்றார்கள். எனக்கும் அதில் பெருமை இருக்கவில்லை. அவள் விளையாடி ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. ஜூட்லாந்துக் கிம்னாசியங்களின் சாம்பியன் போட்டியில் அந்த வருஷம் அவளுடைய அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. நான் கறிக்கு வெட்டிக்கொண்டிருக்கும்போது வந்து சொன்னாள்.

“அம்மா, ஞாயிற்றுக்கிழமை ரண்டர்ஸிலை பைனல். கோபன்ஹேகனிலை இருந்து டொம்மர் வாறார்.”

“ஆர், டொம்மரோ?”

“ஓம். பெரிய ஆளாம். ஒருத்தருக்கும் பயப்பிட மாட்டாராம். அவர் ஒண்டு சொன்னா சொன்னதுதான், பிறகு ஒருத்தரும் மாத்தேலாது.”

“உங்கடை விளையாட்டுக்கு அவர் ஏன் வாறார்?”

“அவர் இல்லாமல் எப்பிடியம்மா விளையாடுறது?”

“அப்ப நானும் வாறன்.”

அவள் கத்தியை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு என் கன்னத்தில் கொஞ்சினாள். தன் ஆட்டத்தைப் பார்க்க வருகிறேன் என்று நினைத்துவிட்டாள். கணவருக்கு அந்தக் கிழமை பின்னேர வேலை. நாங்கள் கதைத்தது அவர் காதுக்குப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலையை உடுத்து, மேலே ஆலைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு பஸ்ஸில் போனேன். பையில் மூத்தவனின் படம் இருந்தது. வெள்ளைச் சட்டை, பக்கவாட்டில் வகிடு. ரண்டர்ஸில் காற்று முகத்தில் அறைந்தது. கறுப்பு உடுப்போடு ஒருவர் மைதானத்தின் நடுவில் நின்றார். பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் விரலை நீட்டி, “டொம்மர்?” என்றேன். ஓம் என்று தலையாட்டினாள். விசில் ஊதிக்கொண்டு பெண்களின் பின்னால் ஓடினார். நீதிபதி ஓடுவாரா என்று நீங்கள் கேட்கலாம். இந்த நாட்டில் நகரசபைத் தலைவரே மழையில் சைக்கிள் ஓடிக்கொண்டு போவதைக் கண்டிருக்கிறேன். நீதிபதி ஞாயிற்றுக்கிழமையில் காற்சட்டையோடு ஓடினால் எனக்கு என்ன புதினம். அதை விட, மைதானத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற ஆண்கள் எல்லாரும் அவரைப் பார்த்து டொம்மர், டொம்மர் என்று கத்தித் திட்டினார்கள். தங்கள் மந்திரியைக் கேள்வி கேட்கிற கோபம் என்று விளங்கிக்கொண்டேன். இத்தனை பேர் திட்டியும் அசையாமல் நிற்கிறாரே என்று மனதுக்குள் அவரைக் கும்பிட்டேன். அந்தப் பாதி ஆட்டம் வரைக்கும் ‘அவர்’ என்று நான் மரியாதை போட்டேன். அதற்குப் பிறகு இன்றுவரை போட்டதில்லை.

இடைவேளைக்கு விசில் ஊதிவிட்டுப் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். நான் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனேன். வழியை மறித்து நின்று படத்தை நீட்டி, “மின் சொன்” என்றேன். என் மகன் என்று அர்த்தம். அவர் ஒரு அடி பின்னால் போனார். அதற்குள் மகள் கையுறையோடு ஓடி வந்துவிட்டாள்.

“அம்மா, என்ன செய்யிறியள்?”

“கொண்ணன்ரை கதையைச் சொல்லு. டொம்மருக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு. ஒண்டும் விடாதை.”

அவள் முகம் மாறியது. நான் எதை எதுவாக நினைத்து வந்திருக்கிறேன் என்று அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். வேறு பிள்ளை என்றால் வெட்கத்தில் அதைத்தான் செய்திருக்கும். அவள் நெற்றிச் சேற்றைத் துடைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று, தமையனின் கதையை டேனிஷில் முழுவதும் சொன்னாள். சோதனையைச் சொன்னாள், அடியில் கிடந்ததைச் சொன்னாள், பதினெட்டைச் சொன்னாள். டொம்மர் கேட்டுக்கொண்டே மணிக்கூட்டைப் பார்த்தான். பிறகு ஏதோ சொல்லிச் சிரித்தான். கயிற்றடியில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

“என்னவாம்?”

“தான் பந்துக்கு மட்டும்தான் டொம்மராம், அம்மா. விளையாட்டு நடுவரையும் இவை டொம்மர் எண்டுதான் சொல்லுறவை.”

“அப்ப என்னத்துக்குக் கறுப்பு உடுப்பு?” என்று கேட்டேன். அதை அவள் மொழிபெயர்க்கவில்லை. அவன் பக்கம் திரும்பி வேறு எதையோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவள் இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை. சிரிப்பு மட்டும் நின்றது. அவன் முகம் கறுத்தது. நெஞ்சுப் பையிலிருந்து அந்தச் சிவப்புக் கார்டை எடுத்து உயர்த்தினான்.

இந்த நாட்டில் இருக்க விடுவதும் ஒரு கார்ட், வைத்தியரிடம் போவதும் ஒரு கார்ட். அதிகாரி ஒருவர் கார்ட் எடுத்தால் இரண்டு கையாலும் வாங்கித்தான் எனக்குப் பழக்கம். கதையைக் கேட்டு மனமிரங்கி என் பிள்ளைக்கு ஏதோ தருகிறான் என்று நினைத்து வாங்கக் கை நீட்டினேன். அவன் கார்டைத் திரும்பப் பையில் போட்டு மூடினான்.

கார்ட் மகளுக்குத்தானாம். வெளியே போ என்று அர்த்தமாம். கோலுக்குள் நின்றே அறியாத ஒரு உயர்ந்த பெட்டையை நிற்பாட்டி, ஒரு ஆள் குறைவாக விளையாடித் தோற்றார்கள். அவளுடைய சிநேகிதிகள் ஒருத்தியும் எங்களைக் குறை சொல்லவில்லை. அதையும் எழுத வேண்டும். பஸ்ஸில் மகள் என் பக்கத்தில் கையுறையைக் கழற்றாமல் இருந்தாள்.

“நீங்கள் கேட்டது சரியம்மா. ஆள்தான் பிழை.”

“ஆளும் சரிதான்” என்றேன்.

இன்றைக்கும் அதைத்தான் சொல்லுவேன். எடுத்துக் காட்டுவது, நாங்கள் கை நீட்டும்போது பையில் போடுவது. சட்டத்தை வைத்து என் பிள்ளைக்கு இவர்கள் செய்ததும் அதுதான். மற்றவர்கள் கோபன்ஹேகனில் அறைக்குள் இருந்து செய்தார்கள், இவன் வெளிச்சத்தில் என் கண்ணுக்கு முன்னால் செய்தான். இக்காஸ்ட்டில் எங்கள் பெண்கள் அதற்குப் பிறகு என்னை டொம்மரக்கா என்றார்கள். “டொம்மரக்கா, எங்கடை வழக்கையும் ஒருக்காப் பாருங்கோ” என்று பகிடி விடுவார்கள். அவர்களோடு எனக்குக் கோபமில்லை. இருந்த கோபத்தைச் சில்லறையாக்கிச் செலவழிக்க நான் விரும்பவில்லை. விசாரணை முடிந்து அரசாங்கம் விழுந்த அன்று வீடு வீடாக இனிப்புக் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. பதவியில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். என் பிள்ளை வீட்டுக்கு வரவில்லை.

அவன் எப்படியோ கனடா போய்ச் சேர்ந்தான். அவனுக்குத் தலை நரைக்கத் தொடங்கின பிறகுதான் அவனை நான் கண்டேன். இந்தக் கோடையில் அவனுடைய மகள் என்னிடம் வந்து நிற்கிறாள். அங்கே கல்லூரியில் கால்பந்து விளையாடுகிறாளாம், கல்லூரிகளின் சாம்பியன் போட்டி வரைக்கும் போனாளாம். விமான நிலையத்தில் கடவுச்சீட்டைக் காட்டினாளாம், இருந்தவன் தலையை நிமிர்த்தாமலே போ என்றானாம். தகப்பனுக்குத் திறக்காத கதவு. அவள் சிரித்துக்கொண்டு சொன்னதைக் கேட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். அதற்குப் பிறகுதான் கார்டின் கதையை அவளுக்குச் சொன்னேன்.

“எனக்கும் ஒருக்கா சிவப்புக் காட்டினவை, அப்பம்மா. அதை வாங்கக் கூடாது, பாக்கிறதுதான்.”

“நான் வாங்கத்தான் போனனான்.”

அவள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நான் எழுதின இந்தப் பேப்பரை அவள் கையில் கொடுத்திருக்கிறேன்.

“வாசி, பிள்ளை. முதல் வரியிலை இருந்து வாசி. நான்கு எண்டு வாற இடத்திலை மட்டும் கொஞ்சம் சத்தமாய் வாசி.”