திரை இழுத்தவரின் முக்காலி

என் வீட்டுக்காரர் நாடகக் கொட்டகையில் திரை இழுத்தவர். ஒருநாள் இயக்குநர், நடிப்பவருக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் துணி எதற்கு என்று திரையையே கழற்றி எறிந்துவிட்டார். பத்திரிகைகள் புரட்சி என்றன. எங்களுக்கோ பிழைப்பே போனது.

ஒத்திகைக்கு நடுவே இவர் போய்க் கையைப் பிசைந்திருக்கிறார். "ஐயா, இனி எனக்கு என்ன வேலை?"

இயக்குநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த மூலையில உட்காரு, சொல்றேன்" என்றாராம்.

மேடை மூலையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நாடகம் நடக்கும்போதும் எழுந்திருக்கவில்லை. பதினெட்டு வருஷம்! அவரும் சொல்லவில்லை, கேட்டால் வேலை போய்விடுமோ என்று இவரும் வாயைத் திறக்கவில்லை.

விமர்சகர்கள் சும்மா இருப்பார்களா? மூலையில் இருப்பது காலம் என்றார் ஒருவர், மனசாட்சி என்றார் இன்னொருவர். "மனசாட்சி, கடைக்குப் போய்ட்டு வாங்க" என்பேன் நான். இந்த மனிதருக்குக் கோபமே வராது. "எதுக்கோதான் என்னை வெச்சிருக்கார். பெரிய மூளைடி அது" என்பார்.

பத்தாவது வருஷம் ஒரு விழாவில் அந்தப் பெரிய மூளை என்னிடமே வந்து, "உங்க வீட்டுக்காரர் இங்க என்ன வேலை பார்க்குறார்?" என்றது.

"மூலையில உட்கார்றாரே ஐயா…"

"ஓ, அவரா! யாரோ நடிகர்னு நினைச்சேன். யார் உட்கார வெச்சாங்களோ, நல்லாத்தான் இருக்கு. இருக்கட்டும்."

இதைப் பற்றி நான் வீட்டில் மூச்சு விடவில்லை.

போன வாரம் இயக்குநருக்கு நினைவுக் கூட்டம். வந்தவர் போனவரெல்லாம் முக்காலியைப் பற்றியே பேசினார்கள். ஒரு பேராசிரியர் மைக்கை இவரிடம் நீட்டினார். "உங்களை அங்க உட்கார வெச்சப்ப என்ன சொன்னார்?"

"உட்காரு, சொல்றேன்னார்."

"அப்புறம்?"

"அப்புறம் சொல்லல."

கைதட்டலில் கொட்டகையே அதிர்ந்தது. பேராசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

பஸ்ஸில் வீடு திரும்பினோம். எங்கள் நிறுத்தம் வரும்போது என் கையைப் பிடித்தார்.

"ஏம்மா, அவர் என்னை மறந்திருக்க மாட்டார்ல?"

பதினெட்டு வருஷம் கிண்டல் செய்த வாய் இது. அன்றைக்குக் கிண்டல் வரவில்லை.

"பெரிய மூளைங்க அது. மறக்குமா?" என்றேன்.

"அதானே" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் இறங்கிப் போனார்.