மாறிலி அட்டவணை வாங்க வந்தவர்கள்

பள்ளிக்கூட ஆய்வுகூடங்களுக்குச் சாமான் விற்கும் வேலையில், கண்ணாடிக் குழாய் உடைவதைவிடப் பெரிய சோதனை மாறிலி அட்டவணை விற்பதுதான். ஒளியின் வேகம், பிளாங்கின் மாறிலி என்று மாறாத எண்களைப் போட்டுச் சுவரில் தொங்குமே, அதேதான். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் கடை. கடையில் நின்று பழகியவர்களுக்கு என் பாடு விளங்கும்.

அச்சுப் பிழை

கொட்டாஞ்சேனையில் இரசாயனம் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் புது அட்டவணையைத் திருப்பிக் கொண்டுவந்தார். அவகாதரோ மாறிலியின் கடைசி இலக்கங்கள் பிழையாம். பழையதையும் பக்கத்தில் விரித்துக் காட்டினேன். அதில் எண்ணுக்குப் பின்னால் ‘இவ்வளவு கூடலாம், குறையலாம்’ என்ற குறிப்பு இருந்தது, புதியதில் இல்லை.

“இனி அளக்கத் தேவையில்லை ரீச்சர். 2019இல இருந்து இதுதான் எண்டு உலக அளவீட்டு மாநாட்டில முடிவெடுத்திட்டினம்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: “முடிவெடுக்கேக்க எங்களுக்கும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்தானே?”

படிக்கல்

செட்டியார் தெருவில் நகை செய்யும், எங்களிடம் தராசு வாங்கும் ஒருவர், “கிலோவ மாத்திட்டாங்களாமே தங்கச்சி?” என்று பதறிக்கொண்டு வந்தார். கையில் தகப்பன் விட்டுப்போன தராசுப் படிக்கற்கள்.

முன்பு பாரிஸ் பக்கம் பூட்டி வைத்திருந்த ஓர் உலோகக் கட்டிதான் உலகத்துக்கே கிலோ என்றும், இப்போது பிளாங்கின் மாறிலியை வைத்துக் கிலோவைத் தீர்மானிக்கிறார்கள் என்றும், அவருடைய கல்லுக்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னேன். நிம்மதியாகப் படியிறங்கியவர் திரும்பி வந்தார்.

“அவ்வளவு காலம் வேல செஞ்ச கட்டிய இப்ப என்னா செய்றாங்க?”

பாசிமணி

மட்டக்குளியிலிருந்து ஒரு தாய், மகள் யாழினியோடு வந்தார். மகளுக்குக் கண் தெரியாது. அவளுக்கோ பௌதிகத்தில் ஆசை. பள்ளிக்கூடத்தில் கலைப்பிரிவுக்குப் போகச் சொல்லிவிட்டார்களாம். “பிளாங்கின் மாறிலி சின்னது எண்டு சொல்லுகினம். எவ்வளவு சின்னது எண்டு தொட்டுப் பாக்க ஏலுமா அக்கா?” என்றாள்.

நீள அட்டையில் தசமப் புள்ளிக்குப் பின்னால் பூச்சியத்துக்கு ஒன்றாகப் பாசிமணி ஒட்டினேன். முடிவில், அந்த மாறிலியின் முதல் இலக்கமான ஆறைத் தடித்த மட்டையில் வெட்டி ஒட்டினேன். யாழினியின் விரல் மணி மணியாக நகர்ந்தது. பாதிவழியில் நின்று, “இன்னும் இருக்கா?” என்றாள். ஓம் என்றேன். ஆறைத் தொட்டதும் கத்தியே விட்டாள்: “அம்மா, வந்திட்டுது! ஒண்டுமே இல்லையெண்டு நினைச்சன், இருக்குது!”

தாய் அட்டையைச் சுருட்டாமல் அப்படியே தூக்கிக்கொண்டார்.

“நாளைக்கு இதோட போய் அதிபரைச் சந்திக்கிறன். கலைப்பிரிவு எண்டு அவர் எப்பிடி முடிவெடுக்கிறது?”

அட்டவணையில் இருப்பதெல்லாம் விடைகள்தான். ஆனாலும் இந்தக் கடைக்கு வந்துபோன எவரும் கேள்வி கேட்பதை நிறுத்தியதாக எனக்குத் தெரியவில்லை.