மகளின் கண்டத்தில் நான் நட்ட நெல்

என் கணவர் மீது எனக்கிருந்த பொறாமையை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். அவர் வேறொருத்தியைப் பார்த்திருந்தால் ஊரைக் கூட்டிச் சண்டை பிடித்திருப்பேன். அவர் செய்ததோ, எங்கள் ஏழு வயது மகளோடு சேர்ந்து ஒரு கிரகத்தை உண்டாக்கியதுதான்.

வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு வயதான இத்தாலிய அம்மாவின், எங்கள் சிஞ்ஞோராவின், வீட்டில் தங்கி அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் லீவு. மற்ற நாட்களில் ஒரேத்தோ தெருவில் எங்கள் வீட்டில் அவர்கள் இருவரும்தான். கணவர் சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பிடுங்கிவிட்டு வருவார். பழப்பெட்டி அட்டைகளை ஒட்டி மேசை நிறைய விரித்துக்கொண்டு பிள்ளையோடு வரைய உட்கார்ந்துவிடுவார்.

அந்தக் கிரகத்தில் எல்லோரும் பயிர் செய்யும் கமக்காரர். இருப்பது ஒரே கண்டம். வடக்கே மலை, அதிலிருந்து ஐந்து ஆறுகள். மலையடியில் மண்டரின், நடுவில் கோதுமை, தெற்கே தக்காளி, கடலோரம் காற்றை மறிக்கப் பனை. பிள்ளை சொல்லும் பக்கத்தில் மழை பெய்யும். ஒவ்வொரு வியாழனும் நான் வரும்போது புதிதாக ஏதாவது முளைத்திருக்கும்.

"இந்த வாய்க்கால் எப்ப வந்தது?"

"செவ்வாய்க்கிழமை வெட்டினது, அம்மா. உங்களுக்குத் தெரியாது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். ஆசையாகக் காய்ச்சிய மீன்குழம்பைக்கூட அட்டையைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவார்கள்.

"நானும் வரட்டோ?" என்று ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"வாரும், தோட்டத்துக்கு ஆள் காணாமல்தான் கிடக்கு" என்றார் கணவர். அவருக்குப் பகிடி. நான் சட்டி கழுவ எழும்பிப் போனேன்.

அடுத்த வியாழன் இருவரும் பாண் வாங்கப் போயிருந்தார்கள். நான் அந்தக் கண்டத்தோடு தனியே இருந்தேன். எங்கே பார்த்தாலும் பயிர். மேற்கே மட்டும் உள்ளங்கை அகலத்தில் ஒரு நிலம் வெறுமனே கிடந்தது. ஓர் ஆறு அதைச் சுற்றி வளைந்து போனது. இவ்வளவு பக்கத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு இப்படியா தரிசாகப் போடுவது! இதுதான் இவர்களுடைய கமம் என்று மனதுக்குள் நக்கலடித்தேன். பச்சைப் பென்சிலை எடுத்து வரம்பு கட்டி, வாய்க்கால் இழுத்து, நாற்று நாற்றாக நெல் நட்டேன். என் கையாலும் ஒன்று அதில் விளையட்டும் என்றிருந்தது.

திரும்பி வந்த மகளின் முகம் கறுத்தது.

"நோ! ஆர் இதிலை நட்டது?"

"நான்தான் பிள்ளை. நெல்லு. நல்லா விளையும் பார்."

"விளையக் கூடாது! அதிலை ஒண்டும் முளைக்கக் கூடாது. அது உங்களை வைச்சிருக்கிற சிஞ்ஞோராவின்ரை காணி."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் பாணை மேசையில் வைத்தார்.

"அவள்தான் கேட்டவள். அங்கை தண்ணி போகாமல் ஆத்தை வளைச்சுவிடச் சொன்னவள்."

சிஞ்ஞோராவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பிள்ளையைக் காணும்போதெல்லாம் கை நிறைய இனிப்புக் கொடுப்பார். அவருக்கு ஒரு நெல்மணியும் கிடைக்கக் கூடாதென்று என் மகள் ஓர் ஆற்றையே திருப்பியிருந்தாள். இந்த வீட்டில் பொறாமை பிடித்தவள் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மகள் அழிறப்பரை நீட்டினாள். நான் ஒவ்வொரு நாற்றாக அழித்தேன். எட்டு மணிக்குள் சிஞ்ஞோரா வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.