கோகிலவாணி சரிசெய்த பிழைதிருத்தி

என் தங்கை கோகிலவாணி அரூர் தாலுகா ஆபீசுக்கு எதிரே இருக்கும் டைப்பிங் கடையில் ஆறு வருடம் மனு அடித்தாள். நான் ஒன்பதாவதோடு நின்றவன். மாங்கூழ் கம்பெனியில், டின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அனுப்புவது என் வேலை. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். கேட்காதவர்களுக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

கடையில் இருப்பது இலவசமாகக் கிடைக்கிற ஆபீஸ் மென்பொருள். தப்பாக அடித்த சொல்லுக்குக் கீழே அது சிவப்புக் கோடு போடும். இரண்டு வருடத்துக்கு முன் புதுப் பதிப்பு ஏற்றியதும் அந்தப் பிழைதிருத்தி கெட்டுப்போனது. சரியான சொல்லுக்கும் கோடு, தப்பான சொல்லுக்கும் கோடு. பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்ததால் எல்லாரும் அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். அப்படித்தான் சித்தேரி மலைக் கிராமத்துக் குள்ளம்மாள் என்பவரின் மனுவில், அவர் பெயரிலேயே ஒரு பிழை தப்பிப் போனது. அதற்காக அந்த அம்மா மூன்று முறை மலையிலிருந்து பஸ் ஏறி வந்தார்.

"எம் பேருல கோளாறுன்னா வேற பேரு வெச்சிக்கட்டுமா கண்ணு?" என்று மூன்றாம் முறை சிரித்துக்கொண்டே கேட்டாராம். வாணி அன்று வீட்டுக்கு வந்து சோறு தொடவில்லை.

பிழைதிருத்தியின் உள்ளே ஒரு சொல் பட்டியல் இருக்கிறது. அதில் 'கொ' போன்ற எழுத்துகளைக் கொம்பு தனி, கால் தனி என்று துண்டு துண்டாகப் போட்டிருந்தார்கள். நாம் அடிக்கும்போது அது ஒரே துண்டாக விழுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. இதை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். துண்டுகளைச் சேர்த்த பிறகும் பல சொற்கள் பாதியில் முறிந்து கிடந்தன. எட்டு மாதம், ஞாயிறுதோறும் கடையில் நான் பழைய பட்டியலை அச்செடுத்த தாளைப் பார்த்துப் படிப்பேன், அவள் திரையில் திருத்துவாள்.

"மெதுவா படிண்ணா. பஸ்ஸு புடிக்கவா போற?"

"இதெல்லாம் செஞ்சா யாருக்கு என்ன?"

"எல்லாருக்கும் போவும். அத செய்யறவங்க பல ஊருல இருந்து சும்மாதான் செய்யறாங்க. நாம அனுப்பினா அடுத்த பதிப்புல சேத்து, கீழ பேரும் போடுவாங்க."

"யாரு பேரு?"

"எம் பேருதான். வேணும்னா டின்னு மூடி மாதேஸ்வரன்னு உன்னையும் சேத்துக்கறேன்."

வேலை முடிந்தது. பட்டியலை ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டு, கடை மெயிலிலிருந்து அந்த மென்பொருள் செய்கிறவர்களுக்குக் கடிதம் அனுப்பினாள். பதில் வருவதற்குள் டெங்கு வந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டாள். வயது இருபத்தொன்பது.

எங்கள் பக்கம் கல்யாணம் ஆகாதவர்களைப் புதைப்போம். ஆசையாக வைத்திருந்ததைக் கூடவே வைத்துவிடுவோம், இல்லாவிட்டால் தேடி வருவார்கள் என்பார்கள். அவளுடைய கைப்பையை நான்தான் அடுக்கினேன். சீப்பு, கண்ணாடி, கடை அடையாள அட்டை. அவள் கழுத்தில் எப்போதும் தொங்கும் பென்டிரைவை மட்டும், ஈரம் படக்கூடாது என்று பிளாஸ்டிக் கவரில் இரண்டு சுற்றுச் சுற்றி வைத்தேன். அதைவிட ஆசையாக அவள் வேறு எதையும் வைத்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கடைக்காரர் பிரபாகர் அண்ணன் வந்தார். பதில் வந்திருந்தது. பட்டியலை உடனே அனுப்புங்கள், உங்கள் பெயரை எப்படிப் போட வேண்டும் என்றும் எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

"பென்டிரைவு எங்கப்பா?"

சொன்னேன். அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"கடை கம்ப்யூட்டர்ல ஒண்ணு இருக்குமில்லீங்களா?" என்றேன்.

"சொந்த வேலைய கடை மெஷின்ல வெக்காதம்மான்னு நாந்தான் சொன்னேன். தெனமும் அழிச்சிட்டுத்தான் வூட்டுக்குப் போவா."

இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறேன். கெட்டிருக்காது. எழுந்து போய் மண்வெட்டியை எடுத்தேன். அம்மா வாசற்படியில் மறித்துக்கொண்டாள்.

"கவர எடுக்கத்தான் போற. எடுக்கறப்ப அவ மூஞ்சியப் பாப்ப. அப்பறம் உசுரு இருக்கற மட்டும் அந்த மூஞ்சிதான் உங் கண்ணுல நிக்கும். இப்ப நெனப்புல இருக்கற மூஞ்சியாவது உனக்கு மிஞ்சட்டும், சாமி."

மண்வெட்டியை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். நான் சொல்லச் சொல்ல அண்ணன் பதில் அடித்தார். கோகிலவாணி காலமாகிவிட்டார். பட்டியல் அவரிடம் இருக்கிறது. அனுப்ப முடியாது. வேலை முழுவதும் முடிந்திருந்தது. எல்லாச் சொற்களும் சரியாக இருந்தன. கூட இருந்து பார்த்தவன் நான்.

"பேரு எப்படிப் போடணும்னு கேட்டிருக்காங்களே, அதுக்கு என்ன எழுதட்டும்?"

"பட்டியலே இல்லாம பேர எங்கண்ணா போடுவாங்க?" என்றேன். "இத அனுப்பிடுங்க."