அம்மா வைத்த வாசல் சோதனை

சாத்தூர்க் காரச் சேவு வாயில் பட்டதும் ஈறு எரிந்து கண்ணில் நீர் முட்டும். துப்பினால் எச்சிலோடு ரத்தமும் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், எட்டு வயதில், எனக்குத் தெரிந்த சேவு ருசி அதுதான். திருத்தங்கலில் எங்கள் வீட்டில் எனக்கும் தம்பிக்கும் ஈறு வீங்கிச் சிவந்தே கிடந்தது. அம்மா உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைத்தாள், வேப்பங்குச்சி ஒடித்துத் தந்தாள், ஒன்றுக்கும் கேட்கவில்லை. "இப்படியே விட்டா பல்லு ஆடி விழுந்துரும்" என்று விருதுநகர் டாக்டர் வேறு பயமுறுத்தி அனுப்பினார்.

அப்பா பட்டாசுக் "கம்பெனி"யில் மேஸ்திரி. காலையில் கேட்டிலேயே காவலாளி மடியைத் தடவி பீடியையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொள்வார். பகலெல்லாம் அடக்கிய ஆசையை அப்பா சாயங்காலம் ஜன்னல் இல்லாத எங்கள் ஒற்றை அறையில் உட்கார்ந்து தீர்த்துக்கொள்வார். அந்தப் புகைக்குள் அவர் மேல் சாய்ந்துகொண்டுதான் நாங்கள் வாய்ப்பாடு படித்தோம்.

கோடை விடுமுறைக்கு அம்மா பிறந்த ஊரில் ஒரு மாதம் இருந்தோம்; வேலை இருந்ததால் அப்பா வரவில்லை. அதே சோறு, அதே உப்பு, அதே வேப்பங்குச்சி, ஆனால் ரத்தம் நின்றுவிட்டது. வீடு திரும்பிய இரண்டாவது வாரம் மறுபடி ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தை எட்டிக்கூடப் பார்க்காத அம்மா இதைக் கவனித்து, பீடிப் புகைதான் காரணம் என்று கண்டுபிடித்தாள் என்பதில் எனக்கு இன்றைக்கும் கர்வம்தான்.

கண்டுபிடித்த அன்றே சாயங்காலம் வேலை முடிந்து வந்த அப்பாவை அவள் வாசலிலேயே மறித்தாள். "பீடியையும் தீப்பெட்டியையும் இங்கன வச்சிட்டு உள்ள வாங்க."

"என் வீட்டுக்குள்ள போக எனக்கே சோதனையாக்கும்?" என்று அப்பா எகிறினார்.

"வெடிமருந்துக்கு அம்புட்டுப் பயப்படுதீக. பெத்த பிள்ளைக வாய்க்குப் பயப்பட மாட்டீகளா?"

தெருவே வேடிக்கை பார்த்தது. அப்பா என்னைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னார், ஈறைப் பார்த்தார், பிறகு இரண்டையும் வாசல் மாடக்குழியில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். பீடியை விட்டாரா என்றால், இல்லை. ஆனால் அதற்கப்புறம் தெருக்கோடிப் புளியமரத்தடிதான், மழை பெய்தாலும். மேஸ்திரி நனைந்துகொண்டே பீடி குடிப்பதைப் பலர் கேலி செய்யும்போது, "எம் பிள்ளைக பல்லுல்லா முக்கியம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

போன மாதம் பேத்தியைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வீட்டில் மற்றவர்கள் விடும் புகை பிள்ளைகளின் ஈறையும் கெடுக்கும் என்று அந்த டாக்டர்ப் பெண் பொறுமையாக விளக்கினாள். எங்கள் அம்மா அப்போதே சொல்லிவிட்டாள் என்றேன்.

அந்த ஒற்றை அறை இல்லை, மாடக்குழி இல்லை, அவர்கள் இருவரும் இல்லை. திரும்பும் வழியில் சேவு வாங்கிக் கடித்தேன், என் சொந்தப் பல்லால். எரிந்தது, வெறும் மிளகாய்க் காரம்.