பாறைக்குழியில் கொட்டிய உப்பு

அப்துல் கையூமுக்கு ஐம்பத்து நாலு வயது. திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு தோல் மண்டியில் தோலுக்கு உப்புப் போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளிவேலை. விடியற்காலை பஜ்ர் தொழுத கையோடு எட்டுக் கிலோ கல்லுப்பைச் சாக்கில் கட்டிக்கொண்டு சிறுமலைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிவிடுவார். அடிவாரத்தில் இறங்கி, மாந்தோப்புக்கு நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் மண்பாதையில் நடந்தால் சோலைமுத்துவின் ஊர் வரும். அங்கே சோலைமுத்து வாரம் ஒருநாள் ஆட்டுக்கறி போடுவார். ஐந்தாறு தோல் கிடைக்கும். வெயில் நாளில் உரித்த தோலைச் சும்மா வைத்திருந்தால் முடி கழன்று கெட்டுப்போகும். அதனால் கையூம் அங்கேயே தோலை விரித்து, உப்பைத் தேய்த்து, மடித்துக் கட்டிக்கொண்டு வருவார்.

தேய்த்தது போக ஒன்றிரண்டு கிலோ தரையில் மிஞ்சும். இரத்தமும் முடியும் ஒட்டிய அந்த உப்பை மண்டியில் சேர்க்கமாட்டார்கள். வயலில் கொட்டினால் பயிர் கருகும். ஆகவே திரும்பும் வழியில், பாதையை ஒட்டிய பாறை ஒன்றின் குழியில் கொட்டிவிட்டு வருவார். இந்த ஊருக்கு அவர் போகத் தொடங்கிய தை மாதத்திலிருந்து அதுதான் வழக்கம். அடுத்த வாரம் வந்து பார்த்தால் குழி துடைத்துவிட்டாற்போல இருக்கும். யார் வீட்டு ஆடோ நக்கிவிட்டுப் போகிறது என்று நினைத்துக்கொள்வார். வாயில்லாத ஜீவன், அதுக்கும் நம்ம கையால ஒரு வாய் உப்பு, இதுவும் தர்மத்தில் சேரும் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட அவருக்கு இருந்தது.

சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில் அந்தச் சந்தோஷம் போயிற்று.

காலை ஏழு மணி இருக்கும். பாதை திரும்புகிற இடத்தில் பாறைக்குப் பக்கத்தில் இன்னொரு பாறை நிற்பதுபோல் தெரிந்தது. அது தலையைத் திருப்பியது. காட்டுமாடு. அவர் நெஞ்சுக்கு மேலே அதன் திமில். கருத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. மூக்கிலிருந்து புஸ் என்று ஒரு சத்தம் விட்டது. 

ஆபத்தில் காவலாக நிற்கும் குர்ஆன் வசனமான ஆயத்துல் குர்சியைக் கையூம் ஓதத் தொடங்கினார். ஏழு வயதிலிருந்து தினமும் ஓதுவது, பாதியில் மறந்துபோயிற்று. மறுபடி தொடங்கினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அவர் ஓர் அடி பின்னால் வைத்தார். அது ஓர் அடி முன்னால் வைத்தது. அதன் கண் அவர் முகத்தில் இல்லை, தோளில் கிடந்த சாக்கின் மேல் இருந்தது. சாக்கு தோளிலிருந்து நழுவி விழுந்தது. அவர் தவழ்ந்து ஒரு மாமரத்துக்குப் பின்னால் போனார். காட்டுமாடு சாக்கைக் கொம்பால் கிழித்து, கல்லுப்பை நக்க ஆரம்பித்தது. மரத்தில் தச்சனின் இழைப்புளி ஓடுவதுபோல் அந்த நாக்கின் சத்தம் கேட்டது. அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கிற்று. குழியைத் துடைத்தது ஆடில்லை. இந்த வழிக்கு இதைக் கூப்பிட்டு வைத்ததே அவர்தான்.

அது வயிறார நக்கிவிட்டு மேலே ஏறிப் போன பிறகு, வெறுங்கையோடு ஊருக்குள் போனார்.

"என்ன பாய், உப்ப காணோம்? கறிக்குழம்புக்குக் குடுத்துட்டு வந்துட்டீகளா?" என்றார் சோலைமுத்து.

"சாக்கு கிழிஞ்சு போச்சுப்பா."

"கிழியட்டும், உசுரு கிழியாம வந்தீகளே. காட்டுமாடு ஒண்ணு ஒரு வாரமா விடிஞ்சும் போகாம பாதையில நிக்கிது. பானுப்ரியா மூணு நாளா வேலைக்குப் போகல." பானுப்ரியா அவர் மகள். வேடசந்தூர் பக்கத்து நூல் மில்லில் வேலை. விடியற்காலை மெயின் ரோட்டுக்கு நடந்து போய் மில் வேனைப் பிடிக்க வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்கு அதே வழியாகத் திரும்ப வேண்டும். அவளோடு இன்னும் நாலு பெண்கள். "பாரஸ்ட்டுக்காரங்க வந்து வேட்டுப் போட்டுப் பாத்தாக. மறுநாளே வந்து நிக்கிது. மலையில தண்ணி இல்ல, அதான் எறங்குது."

சொல்லிவிடலாம் என்று கையூம் வாயைத் திறந்தார்.  "ஆமாப்பா, தண்ணி இல்ல" என்று சொல்லிவிட்டு, சோலைமுத்து வீட்டு உப்பைக் கடன் வாங்கித் தோலில் தேய்த்தார்.

 மறுநாள் மண்டியில் யாருடைய போன் அடித்தாலும் அந்த ஊரிலிருந்து கெட்ட செய்தி வருகிறதோ என்று பார்த்தார். பானுப்ரியாவின் பேர்தான் ஒவ்வொரு முறையும் மனதில் வந்தது. திங்கள் அந்தியில் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு மனைவி ருக்சானாவிடம் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் வச்சுக்கிட்டு இருக்கப் போறீங்களா?" என்றாள் அவள். "அதுக்குள்ள அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அல்லாகிட்ட என்னன்னு சொல்லுவீங்க? தண்ணி இல்லன்னா?"

செவ்வாய்க்கிழமை மண்டியில் லீவு சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸில் போனார். சோலைமுத்துவின் முன்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

சோலைமுத்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "அப்ப நாங்க அம்புட்டுப் பேரும் மழ இல்லன்னு சாமிய வஞ்சுக்கிட்டு இருந்தோம். நீங்க இங்க விருந்து வச்சுக்கிட்டு இருந்திருக்கீக" என்றார். குரலில் சிரிப்பு இல்லை. "இன்னைக்குத்தான் பாய் அவள வேலைக்கு அனுப்பியிருக்கேன். இன்னிக்கும் வரலன்னா ஆளை எடுத்துருவோம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. காலையில டிவிஎஸ்ஸுல கொண்டுபோயி விட்டேன். மூணு மணிக்குப் போன் பண்ணுவா, போயிக் கூட்டியாரணும்."

"அதுக்குள்ள அந்த எடத்தச் சுத்தம் பண்ணிரலாம்ப்பா. நான் தோண்டுறேன்."

இரண்டு பேருமாகப் போனார்கள். மத்தியானத்தில் அது வராது என்றார் சோலைமுத்து. பாறையைச் சுற்றி முழங்கை ஆழத்துக்கு மண்ணில் உப்பு ஊறிப்போயிருந்தது. கையூம் வெட்டினார், சோலைமுத்து சாக்கில் அள்ளினார். மூன்று சாக்கு கட்டியாயிற்று, நாலாவது பாதி நிரம்பியிருந்தது. வேர்வை தாங்காமல் சோலைமுத்து சட்டையைக் கழற்றிப் பாறைக்கு அந்தப் பக்கத்துச் செடியில் போட்டிருந்தார். போன் அந்தச் சட்டைப் பையில் இருந்தது.

புஸ் என்ற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

சோலைமுத்து எப்படித்தான் ஏறினாரோ, அடுத்த நொடி மாமரத்தின் மேலே இருந்தார். கையூமுக்கு முழங்கால் வலி, ஏற முடியாது. கட்டாத கடைசிச் சாக்குக்குப் பின்னால் அப்படியே குத்தவைத்துவிட்டார். காட்டுமாடு பாறைக்கு வந்து, தோண்டிய குழியை மோந்து பார்த்தது. காலால் மண்ணைக் கிளறியது. பத்தடி தூரம்கூட இல்லை.

அப்போது செடியில் கிடந்த சட்டைக்குள் போன் அடித்தது.

காட்டுமாடு திடுக்கிட்டுச் சுழன்றது. செடியோடு சேர்த்துச் சட்டையைக் கொம்பால் ஒரு குத்துக் குத்தியது. போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மறுபடி ஓய்ந்தது. பானுப்ரியா வேனிலிருந்து இறங்கிவிட்டாள் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அப்பா எடுக்கவில்லையென்றால் ரோட்டில் நின்றுகொண்டு இருக்கமாட்டாள், நடக்க ஆரம்பித்துவிடுவாள். பதினைந்து நிமிஷத்தில் இந்தத் திருப்பத்துக்கு வந்துவிடுவாள்.

சோலைமுத்து மரத்தின் மேலிருந்து அழுகிற குரலில், "பாய்… எம் புள்ள வந்துரும் பாய்" என்றார்.

 ஓட வேண்டும் என்று கையூமின் உடம்பு சொல்லிற்று. ஓடினால் எங்கே ஓடுவது? ரோட்டுப் பக்கம் ஓடினால் அந்தப் பிள்ளையின் எதிரிலேயே இதைக் கொண்டுபோய் விட்டதாகும். கீழே வறண்டு கிடந்த ஓடை அவர் கண்ணில் பட்டது. யா அல்லாஹ், நான் கூப்பிட்டு வந்தது, நானே கூட்டிட்டுப் போறேன் என்று மனதுக்குள் சொன்னார். சாக்கைச் சாய்த்து, அடியைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தார். உப்பு மண் பாதையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்தியது.

காட்டுமாடு பார்த்தது. வந்தது.

அவர் இழுத்தால் அது நடந்தது. அவர் நின்றால் அதுவும் நின்று, சிந்திய மண்ணை நக்கியது. அதன் மூச்சு அவர் முகத்தில் அடித்தது; பச்சை இலை கசக்கின வாசனை. ஒருமுறை கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அது தலையைத் தாழ்த்தியது. கொம்பின் நுனி சட்டைப் பொத்தானுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அது சாக்கை மோந்துகொண்டிருந்தது. எழுந்து மறுபடி இழுத்தார். ஓடைக்குள் இறங்கி, வளைவு தாண்டி, சாக்கைக் கவிழ்த்துவிட்டு ஒரு குண்டுக்கல்லுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டார்.

மேலே பாதையில் பெண்கள் பேசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். செருப்புச் சத்தம் நெருங்கி, பிறகு குறைந்து, ஊர்ப்பக்கம் போயிற்று.

காட்டுமாடு போகவில்லை. சாயங்கால அஸர் தொழுகை நேரம் ஆயிற்று. எழுந்து நிற்கப் பயம்; உட்கார்ந்தபடியே, கண்ணசைவிலேயே தொழுதார். வெயில் தணிந்த பிறகுதான் அது ஓடையோடு மேலே ஏறிப் போனது. மரத்திலிருந்து இறங்கி ஊருக்குள் ஓடியிருந்த சோலைமுத்து நாலைந்து ஆட்களோடும் தப்பு மேளத்தோடும் வந்து பார்த்தபோது, கையூமால் கையை விரிக்கக்கூட முடியவில்லை. சாக்கைப் பிடித்த மாதிரியே விரல்கள் மடங்கி இருந்தன.

"பொல்லாத ஆளு பாய் நீங்க" என்றார் சோலைமுத்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டபடி. "ஒங்கள அடிக்கணும்னுதான் வந்தேன்."

மிச்ச மண்ணை மறுநாள் டிராக்டரில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். பாறையைக் கழுவி, மேலே கருவேல முள்ளைப் போட்டார்கள். தோலை மெயின் ரோட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதாகச் சோலைமுத்து ஏற்பாடு செய்துகொண்டார். பெண்களை வண்டியில் மூன்று நடையாகக் கொண்டுபோய் விட்டார். தினமும் காலையில் கையூமுக்குப் போன் வரும். "இன்னிக்கும் வந்துச்சு பாய். முள்ளத் தள்ளிட்டு வெறும் பாறைய நக்கிட்டுப் போகுது." பதிமூன்று நாள் இப்படியே சொன்னார். பிறகு ஐந்து நாள், "இல்ல பாய், காணோம்" என்றார். ஆறாம் நாள், "நாளையிலேர்ந்து புள்ளைக நடந்தே போகட்டும்னு இருக்கேன்" என்றார்.

அன்று இரவு கையூம் தூங்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறி அடிவாரத்தில் இறங்கினார். பாதைக்குள் காலை வைக்கத் தைரியம் வரவில்லை. வாசலில் நிற்கிறவர்போல் ரோட்டோரம் நின்று, ஓதிக்கொண்டே இருட்டைப் பார்த்தார். வேன் ஹாரன் தூரத்தில் கேட்டது. பாதையில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி கேட்டது. மாமரங்களுக்கு நடுவே ஒரு டார்ச் வெளிச்சம் ஆடியது. பிறகு ஐந்து உருவம். அவர் விரல் விட்டு எண்ணினார், மறுபடியும் எண்ணினார்.

பானுப்ரியா டார்ச்சை அவர் முகத்தில் அடித்தாள். "யாரு, பாய் மாமாவா? இன்னைக்கு என்ன ஞாயித்துக்கெழமயா?"

"இல்லம்மா. சும்மாதான் வந்தேன்."

"ஏன் இப்படி நடுங்குறீக? பனியா?"

"ஆமாம்மா, பனிதான்" என்றார் கையூம்.

"வைகாசியிலயா!" என்று சிரித்துக்கொண்டே அவள் வேனில் ஏறினாள்.