இறங்கிய இடம்

வினிதாவிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த வேலையை எடுத்தாலும் அதில் ஒரு குறை வைக்க மாட்டாள். எம்.சி.ஏ. படித்துவிட்டு பெங்களூரில் நாலு வருஷம் யார் யாருக்கோ செயலிகள் எழுதிக் கொடுத்தாள். ஒரு நாள் ஆட்குறைப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவிநாசிபாளையத்துக்குப் பெட்டியோடு வந்து இறங்கியபோது அவளுக்கு வயது இருபத்தொன்பது. அவள் கொஞ்சம் அரைகுறையாக வேலை செய்யத் தெரிந்தவளாக இருந்திருந்தால் யாருக்கும் எந்தச் சேதமும் வந்திருக்காது.

அவளுடைய அம்மா சித்ராதேவி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். அதே கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக இருந்த குருசாமி, தன் பழைய ஆம்னியில் சித்ராதேவியோடு சேர்த்து வழியிலுள்ள ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு போவார். பெட்ரோலுக்கு நாளைக்கு ஆளுக்கு நாற்பது ரூபாய். பதினோரு வருஷமாகச் சித்ராதேவி ஜன்னலோரம் உட்கார்ந்து போன வண்டி அது. புருஷன் போன பிறகு அவள் வாய்விட்டு அழுததும் சிரித்ததும் அந்த வண்டிக்குள்தான். வீட்டில் அவள் அதிகம் பேசியதில்லை.

வண்டியில் தினமும் சில்லறைத் தகராறு. போனில் அனுப்பலாமென்றால் மாதக் கடைசியில் ஒருத்தியிடமும் ரீசார்ஜ் இருக்காது. இருந்தாலும் காலை நேரத்தில் நெட் சுற்றிக்கொண்டே இருக்கும். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மூக்கம்மாள்தான், உன் மகள் கம்ப்யூட்டர் படித்தவள்தானே, ஒரு வழி பண்ணச் சொல்லேன் என்று ஆரம்பித்து வைத்தாள்.

வினிதா வழி பண்ணினாள். ஆறு மாதம் உட்கார்ந்து ஒரு செயலி எழுதினாள். எந்த வண்டியில் எத்தனை இடம் காலி என்று அது காட்டும். நெட் இல்லாமலே இரண்டு போன்கள் பக்கத்தில் இருந்தால் காசு கைமாறிவிடும். பிறகு டவர் கிடைக்கும்போது விவரம் தானாகப் போய்ச் சேரும். படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காகத் தன் குரலையே பதிந்து வைத்தாள். ஆம்னி பக்கத்தில் வந்ததும் போன் பேசும்: "வண்டி வந்துருச்சுங்க, ஏறிக்கோங்க." ஒரே காசை யாரும் இரண்டு தடவை செலவழித்து ஏமாற்றக் கூடாதல்லவா? அதற்காக, காசு கைமாறிய இடத்தையும் நேரத்தையும் போன் குறித்துக்கொள்ளும்படி செய்தாள். இறங்கும்போது கொடுத்தால், எந்தக் கம்பெனியின் எந்த வாசல் என்பதுவரை பதிவாகும்.

சித்ராதேவிக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொருத்தியின் போனையும் வாங்கித் தானே ஏற்றிக் கொடுத்தாள். "எம்புள்ள செஞ்சதுங்க, இதுல தப்பே வராதுங்க" என்றாள்.

இனி, திருப்பூரில் லீவு கேட்கும் முறையைச் சொல்ல வேண்டும். பக்கத்துக் கம்பெனியில் அவசர ஷிப்மென்ட் என்றால் நாலு நாளைக்கு இரட்டிப்புக் கூலி கொடுப்பார்கள். சொந்தக் கம்பெனியில் இதைச் சொல்ல முடியுமா? ஆகவே சாமியைத் துணைக்கு அழைப்பார்கள். இந்தப் பக்கத்துப் பெண்கள் சிவன்மலைத் தேர் என்பார்கள். தெற்கத்திப் பெண்கள் ஊரில் அம்மன் கோவில் கொடை என்பார்கள். சூப்பர்வைசருக்கு எல்லாம் தெரியும். திரும்பி வந்ததும், தேர் நல்லா ஓடுச்சுங்களா என்று கேட்பார். நல்லா ஓடுச்சுங்க என்று இவர்கள் சொல்வார்கள். அத்தோடு சரி. தெரிந்தும் தெரியாததுபோல இருப்பது ஒரு மரியாதை, அதை இரண்டு பக்கமும் காப்பாற்றி வந்தார்கள்.

இந்த வருஷம் தைப்பூசத்தை ஒட்டி ஆறு பேரும் தேருக்கும் கொடைக்குமாக மூன்று நாள் லீவு சொன்னார்கள். மூன்று நாளும் குருசாமி அவர்களை வேறொரு கம்பெனி வாசலில் இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போனார். இறங்கும்போது ஆறு பேரும் போனில் காசு கொடுத்தார்கள். போனுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது.

மாசியில் சித்ராதேவியின் கம்பெனி ஹெச்.ஆர். மேனேஜர் குமாரசாமி வினிதாவைக் கூப்பிட்டு அனுப்பினார். எண்ணூறு பேருக்கும் இந்தச் செயலியை எடுத்துக்கொள்கிறோம் என்றார். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு ஆடிட் காட்ட வேண்டும், பெண்கள் எங்கே ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்று இரண்டு மாத விவரம் மட்டும் போதும் என்றார். இறங்கிய இடம் எதற்கு என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெங்களூர் துரத்திவிட்ட பிறகு அவளை மேடம் என்று கூப்பிட்டு நாற்காலி போட்ட முதல் ஆள் அவர். அன்றைக்கு மத்தியானமே தேதிவாரியாக, பெயர்வாரியாக எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தாள். விவரங்களைத் திருத்தும் அதிகாரத்தையும் கம்பெனிக்கே கொடுத்தாள்.

மூன்றாம் நாள் ஐந்து பெண்களை இனி வேலையில்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். விஷயம் கேட்டு ஓடிவந்த வினிதாவிடம் குமாரசாமி குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அம்மா பேரும் இருந்துச்சுங்க. நம்ம ஊட்டுப் புள்ளைக்கு இதுகூடச் செய்யலீன்னா எப்படிங்க? நானே எடுத்துட்டனுங்க."

வினிதா, ரொம்ப நன்றிங்க என்றாள். கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஐந்து பேர் போய் ஒருத்தி மட்டும் மிஞ்சினால் ஊர் என்ன நினைக்கும்? மூக்கம்மாள் வீடு தேடி வந்தாள். சத்தம் போடவில்லை. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை, வாசலிலேயே நின்று கேட்டாள்.

"யக்கா, ஒன்னைய மட்டும் அந்தப் போனுக்குக் கண்ணு தெரியலையாக்கும்?"

சித்ராதேவிக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. மகளை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் நேரே குமாரசாமியின் அறைக்குப் போனாள். அந்த மூன்று நாளும் நானும் அங்கேதான் இறங்கினேன், என்னையும் நிறுத்துங்கள் என்றாள். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"இதுல இல்லீங்களே. ஆப் பொய் சொல்லாதுன்னு உங்க பொண்ணுதானுங்க சொன்னாங்க."

அவள் அங்கே இறங்கினாள் என்பதற்கு அந்த அறையில் அவளுடைய வாய் மட்டும்தான் சாட்சி, அது செல்லவில்லை. வெளியே வந்து ஐந்து வீட்டுக்கும் நடந்து, தன்னையும் நிறுத்தச் சொல்லிக் கேட்டதைச் சொன்னாள். அங்கேயும் செல்லவில்லை. வேலையை அவளாக விட முடியாது. சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். கம்பெனியும் செயலிக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டதாகச் சொல்லி வினிதாவை அனுப்பிவிட்டது.

அந்த ஐந்து பேரும் இப்போது எங்கேயோ ஒரு சின்ன யூனிட்டில் பாதிக் கூலிக்குப் பனியனில் நூல் பிசிறு வெட்டுகிறார்கள். குருசாமிதான் போகிற வழியில் அவர்களை இறக்கிவிடுகிறார். ஐந்து பேரும் செயலியைப் போனிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுக்கத் தெரியாமலோ மறந்தோ, குருசாமியின் போனில் அது இன்னும் இருக்கிறது.

சித்ராதேவி பஸ்ஸில் போகிறாள். காலையில் அவளோடு நிறுத்தம்வரை வினிதாவும் வந்து நிற்பாள். இருவரும் பேசிக்கொள்வதில்லை. அன்றைக்கும் அப்படித்தான் நின்றிருந்தார்கள். தாராபுரம் பக்கமிருந்து ஆம்னி வந்தது. ஜன்னலோரம் மூக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். வண்டி வேகம் குறையாமல் அவர்களைத் தாண்டிப் போனது. சித்ராதேவியின் பைக்குள்ளிருந்து வினிதாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"வண்டி வந்துருச்சுங்க, ஏறிக்கோங்க."